நான்கு இலக்கம், மூன்று வாய்ப்பு: கார்டு பின் நம்பர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கி கவுன்டருக்கு உள்பக்கம் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். பின் நம்பர் மறந்தவர்கள், கார்டைப் பூட்டிக்கொண்டவர்கள், "யாரோ எடுத்துட்டாங்க சார்" என்று முகம் வெளிறி வந்தவர்கள் என எல்லோரும் கேட்டது ஏறக்குறைய இதே இருபது கேள்விகளைத்தான். பதில் சொல்லிச் சொல்லி எனக்கென்று ஒரு கட்சி உருவாகிவிட்டது. எண்ணை நினைவில் வைப்பது மனிதர்களுக்குக் கைவந்த வேலை. எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். ஆனால் நம் கவலை முழுவதும் மறந்துவிடுமோ என்பதிலேயே இருக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி, இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

நான்கு இலக்கம் என்று யார் முடிவு செய்தது?

ஒரு மனைவி முடிவு செய்தார் என்பது பிரபலமான கதை. 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டு பகுதியில், பார்க்ளேஸ் வங்கியின் கிளை ஒன்றில் பணம் தரும் இயந்திரம் திறக்கப்பட்டது. அதை உருவாக்கியவர் ஜான் ஷெப்பர்ட்-பேரன். ஷில்லாங்கில் பிறந்தவர். தன் ராணுவ எண் ஆறு இலக்கம், அது மறக்கவே இல்லை, ஆகவே ரகசிய எண்ணும் ஆறாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். சமையலறை மேசையில் உட்கார்ந்து மனைவி கேரோலைனிடம் சொன்னபோது, "எனக்கு நாலுக்கு மேல் நிற்காது" என்றாராம் அந்த அம்மா. இதை ஷெப்பர்ட்-பேரனே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதற்கு ஓராண்டு முன்பே, 1966-ல், ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜேம்ஸ் குட்ஃபெலோ கார்டும் ரகசிய எண்ணும் சேர்ந்து இயங்கும் முறைக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். ஆக, தந்தை யார் என்ற வழக்கு தனி. இன்றைய சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 9564, 4 முதல் 12 இலக்கம் வரை அனுமதிக்கிறது. சுவிட்சர்லாந்து மாதிரி சில நாடுகளில் ஆறு இலக்கம் சகஜம். மற்றபடி உலகின் பெரும்பகுதி கேரோலைன் அம்மாவின் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான்கு இலக்கம் என்றால் மொத்தமே 10,000 எண்கள்தானே? இது பாதுகாப்பா?

கணினியிடம் கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். ஆனால் இயந்திரம் பொதுவாக மூன்று வாய்ப்புதான் தரும். மூன்றும் தப்பினால் கார்டு பூட்டிக்கொள்ளும். 10,000-ல் 3 என்றால், 3,333 திருடர்களில் ஒருவருக்குத்தான் அதிர்ஷ்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 10,000 எண்களையும் மக்கள் சமமாகப் பயன்படுத்தினால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

பயன்படுத்துவதில்லையா?

இல்லை. 2012-ல் நிக் பெரி என்பவர், இணையத்தில் கசிந்த கடவுச்சொற்களில் நான்கு இலக்கமாக இருந்தவற்றை மட்டும் பிரித்தெடுத்து எண்ணினார். ஏறத்தாழ 34 லட்சம் கிடைத்தன. அவை வங்கி பின் நம்பர்கள் இல்லைதான். ஆனாலும் எண்ணைத் தேர்ந்தெடுப்பது அதே மனித மூளை. 1234 மட்டும் கிட்டத்தட்ட 11 சதவீதம். 1111 சுமார் 6 சதவீதம், 0000 சுமார் 2. முதல் 20 எண்களே மொத்தத்தில் கால்பங்குக்கு மேல்.

அந்தப் பட்டியலின் மேல்பகுதியில் 2580 இருந்தது. பார்த்தால் கண்டபடி எழுதிய எண் போலத் தெரியும். கீபேடின் நடு வரிசையில் மேலிருந்து கீழே விரலை இறக்கிப் பாருங்கள். 19-ல் தொடங்கும் ஆண்டுகள் கூட்டம் கூட்டமாக இருந்தன. நாளும் மாதமுமாகப் படிக்கக்கூடிய எண்கள் அடர்ந்து கிடந்தன. கடைசி இடம் பிடித்தது 8068. இப்படி விளம்பரம் ஆன பிறகு அதையும் வைக்க முடியாது, பாவம்.

பிறந்தநாள் வைத்தால் என்ன? என் பிறந்தநாள் திருடனுக்கு எப்படித் தெரியும்?

உங்கள் பர்ஸ் அவன் கையில் இருக்கிறது. கார்டுக்கு அடுத்த மடிப்பில் ஓட்டுநர் உரிமமோ அடையாள அட்டையோ இருக்கும், அதில் பிறந்த தேதி அச்சிட்டிருக்கும். நாள்-மாதம், மாதம்-நாள், பிறந்த ஆண்டு: மூன்று வாய்ப்பு, மூன்று முயற்சி. அளந்து வைத்த மாதிரி.

இதையே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் கணக்குப் போட்டார்கள். பிறந்த தேதி தெரிகிற ஒரு திருடன், 11 முதல் 18 பர்ஸ்களுக்கு ஒரு பர்ஸ் என்ற விகிதத்தில் கார்டைத் திறந்துவிட முடியும் என்று வந்தது. மேலே சொன்ன 3,333-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"என் தேதி இல்லை, குழந்தையுடையது" என்பார்கள் பலர். யார் தேதியாக இருந்தாலும் நாள்-மாதம் வடிவில் இருப்பது மொத்தமே 366 எண்கள்தான். குழந்தையின் பிறந்தநாளை நாமே ஆண்டுதோறும் கேக் படத்தோடு ஊருக்கெல்லாம் அறிவிக்கிறோம் என்பது அதற்கு மேல். கல்யாண நாளும் அப்படித்தான். வண்டி எண்ணைச் சொல்லவே வேண்டாம், அதை எழுதிப் பின்னால் மாட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறோம்.

சரி, பிறகு எப்படித்தான் எண் எடுப்பது?

யோசிக்காதீர்கள். யோசித்தாலே மூளை பழகிய தடத்துக்குப் போய்விடும். வங்கி அனுப்பிய எண்ணை அப்படியே வைத்துக்கொள்ள அனுமதி உண்டென்றால் வைத்துக்கொள்ளுங்கள்; அது இயந்திரம் குலுக்கி எடுத்தது, உங்கள் வாழ்க்கையோடு அதற்கு ஒட்டும் உறவும் கிடையாது. முதல் வேலையாக அதை மாற்றிப் பிறந்தநாள் வைப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம், நல்ல பூட்டைக் கழற்றிவிட்டு நூல் கட்டுவதாகத்தான் எனக்குத் தோன்றும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் சீட்டு குலுக்குங்கள். 0 முதல் 9 வரை பத்துத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்து, ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுங்கள். குறித்துக்கொண்டு, அந்தச் சீட்டைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். இது முக்கியம். திரும்பப் போடாமல் எடுத்தால் எந்த இலக்கமும் இரண்டு முறை வராது. 10,000 எண்கள் 5,040 ஆகச் சுருங்கிவிடும். நான்கு முறை எடுத்தால் எண் தயார். வந்தது 1111 மாதிரியோ ஒரு தேதி மாதிரியோ இருந்தால் மட்டும் மறுபடி குலுக்குங்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதற்காகக் குலுக்கினால் பழைய கதைக்கே வந்து சேர்வீர்கள்.

எனக்கென்று ஒரு தந்திரம் இருக்கிறது: ஒரு வாக்கியம் எடுத்து, வார்த்தைகளின் எழுத்துகளை எண்ணுவேன். அது நல்லதுதானே?

நல்ல தந்திரம் போலத்தான் இருக்கும். 'பழைய சைக்கிள் மணி இன்னும்' என்று எடுத்தால் 3-4-2-4. வாக்கியம் மறக்காது, எண்ணும் மறக்காது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் நாம் புழங்கும் வார்த்தைகளில் பெரும்பாலானவை இரண்டிலிருந்து ஆறு எழுத்துக்குள் அடங்கிவிடும். பூஜ்யம் வரவே வராது. 1, 8, 9 அரிதிலும் அரிது. ஐந்தே இலக்கங்களை வைத்து நான்கு இடத்தை நிரப்பினால் 625 எண்கள்தான் கிடைக்கும். பிறந்தநாளைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான்.

வாக்கியத்திலிருந்து எண்ணை உருவாக்காமல், குலுக்கி எடுத்த எண்ணுக்கு வாக்கியம் கட்டுங்கள். அடுத்த கேள்வியில் காட்டுகிறேன்.

ஒட்டும் உறவும் இல்லாத எண்ணை எப்படி நினைவில் வைப்பது?

உதாரணத்துக்கு 7306 வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று நாற்காலிதான் இருந்தது. ஒருவரும் உட்காரவில்லை. ஆறு மணிக்குக் கிளம்பிவிட்டார்கள். ஏழு, மூன்று, பூஜ்யம், ஆறு. அந்த ஏழு பேர் யார் என்று உங்கள் மனம் ஏற்கெனவே முகம் தேட ஆரம்பித்திருக்கும். அந்த முகங்கள்தான் பிடிமானம். கதை எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக ஒட்டும். வெளியே யாருக்கும் சொல்லப்போவதில்லை, வெட்கம் தேவையில்லை.

கதை பிடிக்காதவர்கள் ஓசையைப் பிடிக்கலாம். ஏழாயிரத்து முந்நூற்று ஆறு. இரண்டு தரம் முணுமுணுத்துப் பாருங்கள், பாட்டு மாதிரி உட்காரும். இதில் ஒரு சிக்கலைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்: ஒரு நாள் தமிழில் சொல்லிப் பார்ப்பது, மறுநாள் 'செவன் த்ரீ ஜீரோ சிக்ஸ்' என்பது. இரண்டும் இரண்டு பாட்டு. ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்.

அப்புறம், விரலுக்கும் வேலை கொடுங்கள். தாளில் கீபேடு வரைந்து, முதல் நாள் ஐந்தாறு முறை, மறுநாள் இரண்டு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை அழுத்திப் பாருங்கள். நடுவில் மறக்கத் தொடங்கும் நேரத்தில் மெனக்கெட்டு நினைவுபடுத்துவதுதான் ஆணி அடிப்பது. ஒரே நாளில் ஐம்பது தடவை சொல்வதால் அந்தப் பலன் வராது. வாரக் கடைசியில் அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம்.

விரல் மட்டும் நினைவு வைத்திருக்கிறது, எண் தெரியவில்லை. பரவாயில்லையா?

பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் இருந்தேன். யாராவது கேட்டால்கூடச் சொல்லத் தெரியாது, அதுவே பாதுகாப்பு என்று பெருமை வேறு. ஒரு நாள் ஒரு கடையில் கார்டு மெஷினை நீட்டினார்கள். அதன் திரையில் எண்கள் தாறுமாறாக இடம் மாறிக் கிடந்தன. விரல் வழக்கமான பாதையில் போய்விட்டு வந்தது. தவறு என்றது மெஷின். மறுபடி போட்டேன், அதே விரல், அதே தவறு. எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அடுத்த தரம் தவறினால் கார்டு பூட்டிக்கொள்ளும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். கையில் இருந்த பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு நழுவினேன்.

தொடுதிரை மெஷின்கள் சில, பக்கத்தில் நிற்பவர் விரல் அசைவைப் படிக்கக் கூடாது என்பதற்காக எண்களைக் கலைத்துக் காட்டும். கணினி விசைப்பலகையிலும் கால்குலேட்டரிலும் 7-8-9 மேல் வரிசை, ஏ.டி.எம்.மிலும் தொலைபேசியிலும் 1-2-3 மேல் வரிசை. ஆகவே விரலுக்கும் வாய்க்கும் இரண்டுக்கும் எண் தெரிந்திருக்கட்டும்.

இயந்திரத்தின் முன் நிற்கும்போது எண் மறந்துவிட்டது. என்ன செய்வது?

இரண்டு தவறுக்கு மேல் போகாதீர்கள். ரத்து பொத்தானை அழுத்தி, கார்டை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். பதற்றத்தில் வராத எண், ஒரு மணி நேரம் கழித்து வேறு எதையோ செய்யும்போது தானாக வரும். தாளில் கீபேடு வரைந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டுப் பாருங்கள். வராவிட்டால் புது எண் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு வங்கியின் செயலியிலோ கிளையிலோ வழி இருக்கிறது. பழைய எண்ணை வங்கி ஊழியர் யாராலும் சொல்ல முடியாது.

ஏன் சொல்ல முடியாது? வங்கியிடம் இருக்குமே?

கவுன்டரில் எத்தனையோ பேர், "சார், என் நம்பர் சரியா பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் கையை உயர்த்தித் தடுப்பதற்குள் நான்கில் மூன்றைச் சொல்லி முடித்திருப்பார்கள். என் திரையில் அந்த எண் கிடையாது. என் மேலதிகாரியின் திரையிலும் கிடையாது. நீங்கள் அழுத்தியதும் கீபேடுக்குள்ளேயே, யாரும் படிக்க முடியாதபடி, அது மறையாக்கம் செய்யப்பட்டுப் போகிறது. வங்கிப் பக்கத்தில் அதைச் சரிபார்ப்பதற்கென்றே தனியாகப் பூட்டிய ஒரு கருவி இருக்கிறது. கேட்டால் 'சரி' அல்லது 'தவறு' என்று மட்டும் சொல்லும். அதைப் பிரித்துப் பார்க்க முயன்றால் உள்ளே இருக்கும் சாவிகளைத் தானே அழித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது அது.

ஆகவே, வங்கியிலிருந்து பேசுகிறேன், சரிபார்க்க பின் நம்பரைச் சொல்லுங்கள் என்று ஒருவர் போன் செய்தால் அவர் வங்கி ஆள் இல்லை. நீங்கள் சொல்லும் எண் சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான ஊழியரிடம் எதுவுமே இல்லையே.

மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும் என்றால், இரண்டு முறை முயன்று நிறுத்திவிட்டால்?

கெட்டிக்காரக் கேள்வி. தவறுகளின் கணக்கைச் சில கார்டுகளில் சிப்பே வைத்திருக்கும், சிலவற்றில் வங்கி வைத்திருக்கும். பொதுவாக, சரியான எண் ஒரு முறை விழுந்ததும் அந்தக் கணக்கு பழையபடி ஆகிவிடும். தெருவில் பர்ஸ் எடுத்தவனுக்கு இது உதவாது, அவனிடம் சரியான எண் இல்லை. கூடவே இருப்பவருக்கு உதவும். அவர் இரண்டு எண்களை முயன்று பார்த்துவிட்டு கார்டை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம். மறுநாள் நீங்களே போய் சரியான எண்ணைப் போட்டுக் கணக்கை அழித்துக் கொடுப்பீர்கள். கூட இருப்பவர்களுக்கு உங்கள் தேதிகளெல்லாம் அத்துப்படி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுதி வைக்கவே கூடாதா?

கார்டோடு சேர்த்து எழுதி வைக்கக் கூடாது. ஒரு பெரியவர் கார்டு உறைக்குள் எண்ணை எழுதி ஒட்டியிருந்தார். பார்த்ததும் நான் சொன்னதைக் கேட்டு, அடுத்த முறை ஒழுங்காக வந்தார்: எண் இப்போது கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. கண்ணாடிக் கூடும் கார்டும் ஒரே துணிப்பையில். பையைப் பறித்தவனுக்குக் கண்ணாடியும் கிடைத்திருக்கும், எண்ணைத் தெளிவாகப் படிக்க.

வேறு வேறு இடத்தில் இருப்பதுதான் விஷயம். கார்டு பர்ஸில், தாள் வீட்டில் பூட்டிய அலமாரியில் என்றால் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. எழுதி வைத்த நல்ல எண், எழுதாத பிறந்தநாளைவிட மேல் என்பேன். சகாக்கள் சிலர் இதற்காக என்னோடு சண்டைக்கு வருவார்கள். வங்கிகளின் விதிமுறைகள் பலவற்றில் எழுதி வைப்பதே கவனக்குறைவு என்று இருக்கும், கார்டோடு சேர்த்து வைத்திருந்தால் பறிபோன பணம் திரும்பக் கிடைப்பது கடினம். அதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பாஸ்வேர்டு மேலாளர் செயலி பழக்கம் உள்ளவர்கள் அதில் வைத்துக்கொள்ளலாம், தாளைவிட அது நல்லது.

போனின் தொடர்புப் பட்டியலில் 'ஏ.டி.எம். அண்ணன்' என்று பெயர் போட்டு, போன் நம்பரின் கடைசி நான்கு இலக்கமாக ஒளித்து வைப்பது உலகத்துக்கே தெரிந்த ரகசியம்.

எல்லா கார்டுக்கும் ஒரே எண் வைக்கலாமா?

பர்ஸ் போனால் எல்லாக் கார்டும் ஒன்றாகத்தான் போகும். ஒன்றின் எண்ணைப் பார்த்தவன் மற்றதையும் அதே எண்ணால் திறப்பான். அதனால் வேண்டாம் என்பதுதான் புத்தகப் பதில். ஆனால் ஐந்து கார்டுக்கு ஐந்து எண் வைக்கச் சொன்னால் ஐந்துமே குடும்பத்தாரின் பிறந்த ஆண்டுகளாக வந்து நிற்கும் என்பது அனுபவம். சம்பளக் கணக்குக்குத் தனி எண் வையுங்கள். ஆண்டுக்கொரு முறைகூட வெளியே வராத கார்டுகளை ரத்து செய்துவிடுங்கள். அப்புறம் எத்தனை மிஞ்சுகிறது என்று பாருங்கள், அநேகமாக இரண்டுதான்.

போனைத் திறக்கும் எண்ணும் கார்டு எண்ணும் ஒன்றாக இருப்பது மட்டும் கூடவே கூடாது. போன் எண்ணை நாள் முழுக்க, பேருந்திலும் வரிசையிலும், பக்கத்தில் யார் இருந்தாலும் அழுத்திக்கொண்டே இருக்கிறோம்.

கையால் மறைப்பது உண்மையில் உதவுமா?

உதவும், ஒழுங்காக மறைத்தால். பெரும்பாலானோர் மறைப்பது ஒரு சடங்கு: இடக்கை எங்கோ அந்தரத்தில் நிற்கும், வலக்கை விரல் வெட்டவெளியில் அழுத்தும். எண் திருடுபவர்கள் கீபேடுக்கு மேலேயோ பக்கவாட்டிலோ ஊசிமுனை அளவு கேமராவை ஒட்டி வைப்பார்கள். கார்டு நுழையும் வாயில் அதே மாதிரி ஒரு போலி வாயை மாட்டிக் காந்தப் பட்டையைப் படித்துக்கொள்வார்கள். பட்டையில் பின் நம்பர் இல்லை, ஆகவே கேமராவில் எண் விழாவிட்டால் படித்த பட்டையை வைத்து ஏ.டி.எம்.மில் பணம் எடுக்க முடியாது. நான்கு நொடி கை மறைப்பில் அத்தனை ஏற்பாடும் வீண்.

இத்தாலியின் பதுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மறைத்த கையின் அசைவை மட்டும் பார்த்து எண்ணை ஊகிக்கக் கணினியைப் பழக்கினார்கள். ஐந்து இலக்க எண்களில் 30 சதவீதத்தை அது மூன்று முயற்சிக்குள் பிடித்தது. மறைப்பு முழுமையாக முழுமையாக அதன் திறமை குறைந்தது. எனவே இடக்கையைக் கூரை போலக் கவிழ்த்து, விளிம்பு கீபேடைத் தொடும்படி இறக்கி வையுங்கள். நடு எண் 5-ல் ஒரு சிறு புள்ளி புடைத்திருக்கும். பார்வையற்றோருக்காக வைத்தது அது, நமக்கும் வழிகாட்டும். அதைத் தடவி இடம் தெரிந்துகொண்டால் பார்க்காமலே அழுத்தலாம்.

விரல் சூட்டை வைத்து எண்ணைக் கண்டுபிடிக்க முடியுமாமே?

பிளாஸ்டிக் கீபேடில் முடியும் என்று சான் டியேகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் 2011-ல் வெப்பக் கேமராவை வைத்துக் காட்டினார்கள். உலோக கீபேடில் பலிக்கவில்லை, உலோகம் சூட்டை உடனே பரப்பிவிடும். சந்தேகம் இருந்தால் முடித்த பிறகு மற்ற பொத்தான்கள் மேலும் விரல்களைப் பரப்பி ஒரு நொடி வைத்துவிட்டு வாருங்கள்.

எந்தெந்தப் பொத்தான் என்று தெரிந்துவிட்டால் மிச்சம் இருப்பது வரிசைதான். நான்கும் வெவ்வேறு இலக்கம் என்றால் 24 வரிசைகள். ஒரு இலக்கம் இரட்டித்திருந்தால் 36. இரட்டித்த எண் பலவீனம் என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

எண்ணைத் தலைகீழாகப் போட்டால் போலீஸ் வருமாமே?

வராது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது இந்தச் செய்தி போனுக்குப் போன் சுற்றும். யோசனை உண்மையானது, காப்புரிமைகூட வாங்கினார்கள். அமெரிக்காவில் 2009-ம் ஆண்டுக் கார்டுச் சட்டம் இதை ஆராயச் சொல்லி, 2010-ல் மத்திய வர்த்தக ஆணையம் அறிக்கை தந்தது: தகவல் தந்த வங்கிகள் எதிலும் அப்படி ஒரு வசதி இருந்ததே இல்லை. 2332 என்று எண் வைத்தவர் தலைகீழாக எதைப் போடுவார் என்று கேட்டாலே இந்த யோசனை தள்ளாட ஆரம்பித்துவிடும். மிரட்டப்பட்டால் பணத்தைக் கொடுத்துவிட்டு உயிரோடு வாருங்கள்.

மாதா மாதம் எண்ணை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். அடிக்கடி மாற்றச் சொன்னால் எல்லோரும் கடைசி இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டுவார்கள். யாரோ பார்த்த மாதிரி தோன்றினால், யாரிடமாவது சொல்லியிருந்தால், கார்டு கொஞ்ச நேரம் கண்ணிலிருந்து மறைந்து திரும்பியிருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

கணவன் மனைவிக்குள் சொல்லிக்கொள்ளலாம்தானே?

வங்கி விதிப்படி கூடாது. வீடுகளில் நடப்பது எனக்கும் தெரியும். இரண்டு பேரும் எடுக்க வேண்டிய பணம் என்றால் கூட்டுக் கணக்கு, இரண்டு கார்டு, இரண்டு எண். ஒரு படிவம்தான்.

கார்டு தொலைந்துவிட்டது. பின் நம்பர் நல்ல எண், பயமில்லையே?

இருக்கிறது. தொட்டுச் செலுத்தும் கார்டில் ஒரு வரம்பு வரை பின் நம்பரே கேட்காது. சில இணையதளங்களில் கார்டில் அச்சிட்ட விவரங்களே போதும். முதலில் கார்டை முடக்குங்கள், பிறகு தேடுங்கள். சோபா இடுக்கில் கிடைத்தால் முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம். பல வங்கிகளின் செயலியில் இதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது.

இதைப் படித்துக்கொண்டே வந்தேன், என் எண் மேலே வந்துவிட்டது. மாற்றணுமா?

1234, 1111, 0000, 2580 என்றால் இன்றைக்கே. 8068 என்றால், நீங்களும் அந்தப் பட்டியலை எங்கோ படித்துவிட்டுத்தான் வைத்திருப்பீர்கள், மாற்றுங்கள். 7306 என்றால் வருந்துகிறேன், சீட்டு குலுக்கியதில் எனக்கு வந்தது அது. அந்த ஏழு பேரையும் மூன்று நாற்காலியையும் இனி நாம் இருவருமே பயன்படுத்த முடியாது.